பேரியாறு சென்ற வழி

மணமான புதிதில் கணவனும் மனைவியுமாகக் கடற்கரைப் பட்டினமொன்றையும் அதனை அடுத்த தீவொன்றையும் கண்டு மீளுதல் இக்காலத்து இளைஞரிடையே வழக்கமாகியுள்ளது. எம் பெற்றோர்க்கு அப்பேறு மணமாகி 25 ஆண்டுகள் நிறைந்த பின்னரே வாய்த்தது. அதுவும், 19 வயது நிரம்பிய மகனொருவனை வழித்துணையாக உடன்கொண்டு. அச்செலவின் வரலாற்றை நம் கல்லூரி இதழின் வாயிலாக அன்பர்க்குக் கூற விழைகின்றோம். கொச்சி நகரின் காட்சிகளை விரித்துரைப்பது மட்டும் எம் நோக்கமன்று. எம் இல்லத்தில் 14 ஆண்டுகளாகப் பேசப்படாதிருந்த ஒன்று அங்கே பேசப்பட்டது. அதனைச் சொல்லவே இதனை எழுதுகின்றோம்.

எமது ஊர் கம்பம். மலைக்கு அப்பால் மேற்கு நோக்கி ஓடிய பேரியாற்றைத் தடுத்து, மலையைக் குடைந்த சுரங்கவழியே அதன் நீரைக் கிழக்கே திருப்பியதனால் வாழ்வு பெற்ற பள்ளத்தாக்கு எமது. அதற்கென 1886-இல் திருவிதாங்கூர் அரசரோடு 999 ஆண்டுக் குத்தகை உடன்படிக்கை செய்யப்பட்டது. பென்னிகுயிக் என்னும் ஆங்கிலப் பொறியாளர் கட்டிமுடித்த அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது. கூடலூர் தொடங்கிச் சின்னமனூர் வரை நெல்வயலும் தென்னந்தோப்பும் பன்னீர்த் திராட்சைப் பந்தலும் காண்பார்க்கு அந்நீரின் அருமையை யாரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அப்பொறியாளரின் பிறந்தநாள் சனவரி 15. பொங்கலை ஒட்டி அது வருதலின், எம் பக்கத்தார் அவரை நினைந்தும் பொங்கலிடுவர். தம் பிள்ளைகட்கு அவர் பெயரையே இட்டாரும் உளர்.

எம் தந்தையார் திருமணத்திற்கு முன்னிருந்தே வண்டிப்பெரியாற்றுப் பக்கத்து ஏலத்தோட்டமொன்றில் வேலை செய்தவர். சனிக்கிழமை மாலை மலையிறங்கி வந்து, ஞாயிறு ஆராதனையில் கலந்துகொண்டு, திங்கட்கிழமை விடியலில் மீண்டும் ஏறிவிடுவார். அணையைக் கடந்த ஆறு முதலிற் காணும் பேரூர் அதுவே. "இந்த ஆறு இப்படியே கொச்சிப்பக்கம் போய்க் கடலில் சேருகிறது, ஒரு நாள் உன்னை அங்கே அழைத்துப் போகிறேன்" என்று மணமான ஆண்டிலே தாயாரிடம் கூறினாராம். பின்னர்த் தமக்கையார் பிறந்தார், யாம் பிறந்தோம். வாக்கு வாக்காகவே நின்றது.

2011 டிசம்பரில் நிகழ்ந்ததை நம் மாவட்டத்தார் மறந்திரார். அணையின் உறுதியைக் குறித்து இரு மாநிலங்கட்கும் நெடுநாளாக இருந்த பிணக்கு அம்மாதத்தில் தெருவிற்கு வந்தது. குமுளி எல்லை அடைபட்டது. கீழிருந்து மக்கள் திரள்திரளாக எல்லை நோக்கி நடந்தனர். மேலிருந்த தமிழ்த் தொழிலாளர் பலர் அஞ்சி இறங்கினர். இரு பக்கத்தும் சுடுசொற்கள் பேசப்பட்டன. அந்நாட்களில் ஒருநாள் விடியற்காலையில், முழங்கால்வரை சேறு படிந்தவராய்த் தந்தையார் எம் வாயிலில் வந்து நின்றது, அக்காலை ஐந்து வயதினராயிருந்த எமக்கு இன்றும் நினைவிலுள்ளது. அவர் கையில் சிவப்புப் பூச்சு உதிர்ந்த டார்ச்சு விளக்கொன்று இருந்தது. அதன்பின் அவர் மலையேறவில்லை. திராட்சைத் தோட்டமொன்றைக் குத்தகைக்கு எடுத்து உழைத்தார். 142 அடி வரை நீர் தேக்கலாமென்று 2014 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபோது ஊர் மகிழ்ந்தது, தந்தையாரும் மகிழ்ந்தார். ஆயினும் மலையைப் பற்றியோ அவ்விரவைப் பற்றியோ ஒரு சொல்லும் சொன்னாரல்லர். அவ்விளக்கு மட்டும் மின்சாரம் நின்ற இரவுகளில் எமக்குப் பாடம் படிக்க உதவிற்று.

நிற்க. கடந்த தை மாதம் பெற்றோரின் மணநாள் வெள்ளிவிழா வந்தது. கோவையில் பணிபுரியும் தமக்கையார் பணம் அனுப்பி, "அப்பாவும் அம்மாவும் எங்காவது சென்று கடலைப் பார்த்து வாருங்கள்" என்று எழுதியிருந்தார். தந்தையார் இராமேசுவரம் என்றார். கடலும் உண்டு, தீவும் உண்டு, மதுரையிலிருந்து இரயிலும் உண்டு என்றார். தாயார், "கொச்சி" என்று ஒரு சொல்லே சொன்னார். தந்தையார் இரண்டு நாள் விடை கூறவில்லை. மூன்றாம் நாள், "பையனும் வரட்டும்" என்றார். மலையாளம் நன்கறிந்த அவர்க்கு அம்மொழியில் ஓரெழுத்தும் அறியாத எம் துணை எதற்கென்று அன்று எமக்கு விளங்கவில்லை.

குமுளியில் பேருந்து மாறினோம். தாயார் சன்னலோரம் அமர, தந்தையார் வழக்கம்போல் வேறிடம் தேடினார்; யாம் அவ்விடத்தை முன்னரே பிடித்துக்கொண்டமையால் தாயாரின் பக்கத்திலேயே அமர நேர்ந்தது. வண்டிப்பெரியாற்றுப் பாலத்தைப் பேருந்து கடந்தபோது தந்தையார் தம் பையை இறுகப் பற்றிக்கொண்டார். தாயார் ஆற்றைப் பார்த்தார், அவரைப் பார்க்கவில்லை. பின்னர்ப் பீர்மேட்டுத் தேயிலைச் சரிவுகள், முண்டக்கயத்து ரப்பர் தோட்டங்கள், கோட்டயம் என வழி நீண்டது. எறணாகுளம் சேர்ந்தபோது விளக்கு வைத்தாயிற்று.

மறுநாட் காலை மின்கலத்தால் இயங்கும் படகில் ஏறிக் கோட்டைக்கொச்சிக்குச் சென்றோம். கொச்சியின் நீர்வழி மெட்ரோ எனப்படும் இப்படகுகள் 2023 ஏப்ரல் முதல் ஓடுகின்றன. துறைமுகத்தை ஆழப்படுத்த வாரிய மண்ணைக் கொண்டு சென்ற நூற்றாண்டில் ஆக்கிய வில்லிங்டன் தீவு வழியில் தெரிந்தது. பெற்றோரை முன்னிருக்கையில் விட்டுவிட்டு யாம் பின்புறம் நின்றோம். அவர்கள் பேசியது எமக்குக் கேட்கவில்லை. தாயார் ஒருமுறை சிரித்தது மட்டும் கேட்டது.

கோட்டைக்கொச்சியில் புனித பிரான்சிசு ஆலயம் உள்ளது. போர்த்துக்கீசியர் 1503-இல் முதலிற் கட்டியது. இன்று நம் தென்னிந்தியத் திருச்சபையைச் சார்ந்தது. 1524-இல் கொச்சியில் இறந்த வாஸ்கோடகாமாவை முதலில் அடக்கம்செய்த கல்லறை இதனுள் இருக்கின்றது. அவர் எலும்புகளைப் பின்னர்த் தம் நாட்டிற்கு எடுத்துச் சென்றனர். தாயார் முழந்தாளிட்டு நெடுநேரம் செபித்து, ஸ்தோத்திரக் காணிக்கை செலுத்தினார். தந்தையாரோ மேலே தொங்கிய பழைய துணி விசிறிகளையும், அவற்றினின்று வெளியே சென்ற கயிற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "இதை இழுத்தவன் வெளியே வெயிலில் அல்லவா நின்றிருப்பான்?" என்றார். தோட்டத்தில் உழைத்த கண்ணிற்குக் கல்லறையினும் கயிறே முதலிற் பட்டது போலும்! கரையில் சீனவலை இழுப்போர் அழைத்தபோது அவரும் ஒரு கை கொடுத்து இழுத்தார். வலையில் வந்தவை சிறுமீன்கள் சிலவே. ஆயினும் அவர் முகத்தில் அத்தகைய மகிழ்ச்சியை யாம் கண்டு பன்னாள் ஆயிற்று.

அங்கிருந்து வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் ஜங்காரில் கடல்வாயைக் கடந்தால் வைப்பின் தீவு. நீண்டு ஒடுங்கிய இத்தீவின் மேற்கே அரபிக்கடல், கிழக்கே காயல். 1341-ஆம் ஆண்டில் பேரியாற்றில் வந்த பெருவெள்ளமே பழந்துறையாகிய முசிறியைத் தூர்த்துக் கொச்சியின் வாயைத் திறந்ததென்றும், அக்காலத்தில் ஒதுங்கிய மண்ணே இத்தீவாயிற்றென்றும் கூறுவர். கடல் வைத்த நிலமாதலின் 'வைப்பு' என்னும் சொல்லடியாகப் பெயர் வந்ததென்பர். ஆலுவாயில் இரண்டாகப் பிரியும் பேரியாற்றின் ஒரு கிளை தீவின் வடமுனையாகிய முனம்பத்திலும், மற்றொன்று காயலிற் கலந்து கொச்சி வாயிலுமாகக் கடல்புகுகின்றது. எனவே எம் ஆற்றின் இரு கைகட்கு இடையே இருக்கும் தீவு இஃது என்னலாம்.

செறாயிக் கடற்கரையில் தாயார் முதன்முறையாகக் கடலில் கால் நனைத்தார். அன்றிரவு அருகிலிருந்த வீடொன்றில் அறை எடுத்துத் தங்கினோம். வீட்டுக்குரியவர் எழுபது கடந்த மூதாட்டியார். அவரை அம்மச்சி என்றே யாவரும் அழைத்தனர். மீன்குழம்பும் சோறும் இட்டு, "எந்த ஊர்?" என வினவினார். தந்தையார், "மதுரைப்பக்கம்" என்றார். தாயார் சற்றும் தயங்காமல், "கம்பம்" என்றார். அம்மச்சியின் கை அகப்பையோடு நின்றது.

"முல்லைப்பெரியாற்று நீர் குடிப்பவர்களா?" என்றார். பின்னர் 2018 ஆகஸ்டு வெள்ளத்தைப் பற்றிச் சொன்னார். தந்தையார் எமக்குத் தமிழாக்கிக் கூறினார். சேந்தமங்கலத்தில் தம் தமக்கையார் வீட்டினுள் நீர் கூரையளவு நின்றதாம். அவ்வூர் கைத்தறிக்குப் பெயர்பெற்றது. தறிகளும், ஓணத்திற்கென நெய்து வைத்த வேட்டிகளும் சேற்றில் புதைந்தன. அந்நாள் முதல் மழை வலுத்தால் தமக்கையார் உறங்குவதில்லையாம். "உங்களுக்கு நீர் வேண்டும், வேண்டாமென்று யார் சொன்னார்? எங்களுக்கு உறக்கம் வேண்டும்" என்றார் அம்மச்சி. அவர் குரலில் சினமில்லை.

தந்தையார் வெகுநேரம் வாளாவிருந்தார். பிறகு எழுந்து சென்று பையினின்று அந்த டார்ச்சு விளக்கை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். அதனை அவர் உடன்கொண்டு வந்தது தாயார்க்கும் தெரியாது.

2011-இல் அவ்விரவு வெளியே கூச்சல் கேட்டபோது, தோட்டத்துக் காவற்காரராகிய மலையாளி ஒருவர் தந்தையாரையும் வேறு மூவரையும் தம் வீட்டில் வைத்துக் கஞ்சி கொடுத்தாராம். நள்ளிரவில் பெருவழியை விடுத்துத் தோட்டங்களின் ஊடே குமுளிக்கு அண்மை வரை தாமே நடந்து வந்து வழிகாட்டினாராம். பிரியும்போது தம் விளக்கைக் கொடுத்துவிட்டு இருளில் தனியே திரும்பினாராம். "அந்தக் காட்டில் யானை உண்டு" என்று தந்தையார் முடித்தார்.

"இத்தனை வருடமாக ஏன் சொல்லவில்லை?" என்றார் தாயார்.

"அப்போது நம் ஊரில் மலையாளியைப் பற்றி நல்லது சொன்னால் கேட்க ஆளில்லை. பிறகு சொல்ல வெட்கமாயிருந்தது."

அம்மச்சி விளக்கை எடுத்துப் பார்த்துத் திருப்பி வைத்தார். ஒன்றும் சொல்லாமல் இன்னும் ஓர் அகப்பை சோற்றைத் தந்தையார் இலையில் இட்டார்.

மறுநாள் விடியலில் மூவரும் முனம்பம் சென்றோம். மீன்பிடி படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் துறை சேர்ந்துகொண்டிருந்தன. எதிர்க்கரையில் கொடுங்கல்லூர்ப் பக்கம். யவனர் கலங்கள் பொன்னொடு வந்து மிளகொடு மீண்ட முசிறி பேரியாற்றங்கரையில் இருந்ததென்பது அகநானூற்றால் அறியப்படும். 2007 முதல் பட்டணம் என்னும் சிற்றூரில் நிகழ்ந்த அகழாய்வில் உரோம நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அதுவே முசிறியென அறிஞர் பலர் கருதுகின்றனர். முசிறியைப் பற்றித் தேர்வில் விடையெழுதி நன்மதிப்பெண் பெற்றவர் யாம். ஆயினும் அஃது எம் வயலை நனைக்கும் ஆற்றின் வாயிலுள்ள ஊரென்பதை அவ்விடத்தில் நின்றபோதுதான் உணர்ந்தோம். எமது கல்வியின் குறை இஃதென்று வெளிப்படையாகவே ஒப்புகின்றோம்.

"இதுதானா அந்த ஆறு?" என்று தாயார் வினவினார். "இதுதான்" என்றார் தந்தையார். 25 ஆண்டுகட்கு முன் சொன்ன வாக்கு நிறைவேறியது. யாம் சற்று அப்பால் சென்று படகுகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மீளும்போது வண்டிப்பெரியாற்றில் இறங்கினோம். தந்தையார் எம்மையும் அழைத்துக்கொண்டு ஒரு கல் தொலைவு மேடேறினார். காவற்காரர் வீடு பூட்டியிருந்தது. முற்றத்தில் புல் மண்டியிருந்தது. குடும்பத்தார் கோட்டயம் பக்கம் மகன் வீட்டிற்குப் பெயர்ந்து நாளாயிற்றென்று அண்டையார் கூறினர். முகவரி அறிந்தார் இலர். தந்தையார் திண்ணையில் சிறிதுநேரம் அமர்ந்திருந்தார். தனியே அவ்வீட்டு வாயிலில் நிற்க அஞ்சியே அவர் எம்மை உடனழைத்தார் என்பது அப்போது புலனாயிற்று.

அணையின் உறுதியைப் பற்றி உரைக்கும் அறிவு எமக்கில்லை. அதற்குப் பொறியாளரும் நீதிமன்றமும் உளர். நம் கல்லூரியில் பயில்வோருள் பெரியாற்றுப் பாசன நாட்டினர் பலர். அவர்கட்கு ஒன்று சொல்வோம்: விடுமுறையில் ஒருமுறை அவ்வாறு சென்று சேரும் இடத்தையும் கண்டு வருக, அங்குள்ளார் வீட்டில் ஒருவேளை உண்டு வருக. நம் பெற்றோர் கூறாது வைத்திருப்பன எவ்வளவோ உள. கேட்பதற்குத் தக்க இடம் அதுவாகவும் இருத்தல் கூடும்.

அடுத்த விடுமுறையில் கோட்டயம் சென்று அக்காவற்காரரைத் தேட எண்ணியுள்ளோம். தந்தையார் அவ்விளக்கிற்குப் புதிய பேட்டரி இட்டு வாயிற்கதவின் அருகே மாட்டி வைத்திருக்கின்றார். மின்சாரம் நின்றாலும் இப்பொழுது அதனை எடுக்க எவரையும் விடுவதில்லை.