பொழுது படாத ஊரில்

யாழ்ப்பாணத்தில் பொழுது படுவதை அறிய எமக்கு மணிக்கூடு தேவைப்பட்டதில்லை. ஆண்டு முழுவதும் சூரியன் மாலை ஆறு மணியை ஒட்டியே மறையும். கார்த்திகைக்கும் ஆடிக்கும் இடையிலான வித்தியாசம் ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு. பண்ணைக் கடலில் சூரியன் நேரே கீழிறங்கும். அரை மணி நேரத்துக்குள் நன்றாக இருட்டிவிடும். மைமலானால் விளையாட்டு நிற்கும். கால் முகம் கழுவி, விளக்கேற்றி, பிள்ளைகள் புத்தகம் எடுப்பார்கள். வீட்டின் ஒழுங்கைப் பொழுதே பார்த்துக்கொண்டது.

நோர்வேயில் அந்தக் காவலன் இல்லை. ஒஸ்லோவில் யூன் கடைசியில் இரவு 10.40 தாண்டியே சூரியன் மறைகிறது. டிசம்பர் கடைசியில் பிற்பகல் 3.15 அளவிலேயே மறைந்துவிடுகிறது. 1980களின் பிற்பகுதியிலிருந்து எம்மவர் பலர் மீன் தொழிற்சாலை வேலைக்குச் சென்ற வடபகுதியில் நிலைமை இன்னும் விநோதமானது. துரொம்சோவில் மே 20 அளவிலிருந்து யூலை 22 அளவு வரை சூரியன் மறைவதேயில்லை. நவம்பர் கடைசியிலிருந்து யனவரி நடுப்பகுதி வரை அது உதிப்பதுமில்லை.

பூமியின் அச்சு சரிந்திருப்பதே இதற்குக் காரணம். வடக்கே செல்லச் செல்லச் சூரியன் அடிவானத்தை நோக்கிச் சாய்வாக இறங்குகிறது. அதனால் செவ்வானம் நெடுநேரம் நிலைக்கிறது. எமது ஊரில் நிமிடங்களில் கரைந்த நிறங்களை இங்கு ஆறுதலாக நின்று பார்க்கலாம்.

ஆனால் புதிதாக வந்த குடும்பத்துக்கு இது அழகு மட்டுமல்ல. “பொழுது பட்டிட்டுது, உள்ளுக்கு வா” என்ற தாயின் சொல் கோடையில் செல்லாக்காசாகிறது. “இன்னும் வெளிச்சமாத்தானே அம்மா இருக்கு” என்கிறது பிள்ளை. நித்திரை குழம்புகிறது, காலையில் பாடசாலைக்கு எழுப்ப முடிவதில்லை. மாரியிலோ இருளில் வேலைக்குப் போய் இருளில் திரும்புகிறோம். நான்கு மணிக்கே கதவைப் பூட்டி, வீட்டில் தனித்திருப்போர் மனம் சோர்கின்றனர்.

எனவே சூரியன் செய்த வேலையை இனி நாமே செய்ய வேண்டும். கோடையில் தடித்த திரைச்சீலை போட்டு, மணிக்கூட்டைப் பார்த்துப் பிள்ளைகளைப் படுக்க வைப்போம். விளக்கேற்றும் நேரத்தையும் அப்படியே வைத்துக்கொள்வோம். மாரியில் மதிய வெளிச்சத்தில் சற்றேனும் வெளியே நடப்போம். இருட்டில் செல்லும்போது உடுப்பில் ஒளி தெறிக்கும் பட்டி அணிவோம். வெயில் குறைந்த காலத்தில் விற்றமின் டி பற்றி வைத்தியரிடம் கேட்டறிவோம். நோர்வே மக்கள் அதற்காகவே மீன் ஈரல் எண்ணெய் குடித்து வருகிறார்கள்.

யனவரி 21 அளவில் துரொம்சோவின் மலைகளுக்கு மேலே சூரியன் மீண்டும் தலைகாட்டும்போது, ஊரே இனிப்புப் பணிஸ் உண்டு கொண்டாடுகிறது. தைப்பொங்கலுக்குச் சூரியனுக்குப் படைக்கும் எமக்கு அந்த மகிழ்ச்சி அந்நியமானதல்ல. அயலவரோடு நாமும் வெளியே வந்து நின்று வரவேற்போம்.