பந்தியிலிருந்து எழுந்தவர்கள்

அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டு வந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். யாருக்கும் எதையும் போதிக்கவில்லை. எழுந்து போனார், அவ்வளவுதான். மற்ற யூதர்களும் அவர் பின்னால் போனார்கள், பர்னபா உட்பட. பவுல் எல்லார் முன்னாலும் பேதுருவைக் கண்டித்தார். கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது இது. பேதுரு கடல்மேல் நடந்ததைப் பற்றி எங்கள் ஊரில் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். இந்த அதிகாரத்தைப் பற்றிக் கேட்ட நினைவில்லை.

உசிலம்பட்டிப் பக்கம் கிராமம் எங்களுடையது. அறுப்பின் பண்டிகையன்று ஆராதனை, ஏலம், பிறகு அசனம். சிறுவனாக இருந்தபோது ஓர் அசனத்தில் என் வகுப்புத் தோழன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்பத்தா வந்து கையைப் பிடித்து எழுப்பினார். "அங்கன நம்மாளுக இருக்காக, வாய்யா" என்று வேறு வரிசையில் கொண்டுபோய் உட்கார வைத்தார். விடியுமுன் எழுந்து முழங்காலிட்டு ஜெபிப்பவர் அவர். வேதம் வாசிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். அதனாலேயே இந்தப் பாடமும் கேள்வியில்லாமல் எனக்குள் இறங்கியது. அடுத்த பண்டிகையில் என்னை யாரும் எழுப்ப வேண்டியிருக்கவில்லை. நானே தேடிப்போய் 'நம்மாளுக' வரிசையில் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்துத் தம்பியும் வந்து உட்கார்ந்தான்.

சிறியவர்களில் ஒருவனை இடறச் செய்வதைவிட, கழுத்தில் எந்திரக்கல்லோடு கடலில் அமிழ்ந்துபோவது மேல் என்றார் இயேசு. மத்தேயு 18இல் வருகிறது. எங்கள் பந்தியில் இடறியவர்கள் நானும் தம்பியும் மட்டுமல்ல. அந்தத் தோழன் சில வருஷங்களில் ஆலயத்துக்கு வருவதையே விட்டுவிட்டான். அவனிடம் கிறிஸ்துவைப் பற்றிப் பேச இனி நான் எந்த முகத்தோடு போவேன்?

மதுரைக் கிறிஸ்தவத்தில் இப்படிச் சாதி பார்ப்பது பழைய நோய். 1606இல் இங்கே வந்த ராபர்ட் தெ நொபிலி, உயர்சாதியாரை அணுகுவதற்காகச் சந்நியாசி கோலம் பூண்டு தனித்து வாழ்ந்தார்; சாதியைச் சமூக வழக்கம் என்று ஏற்றுக்கொண்டார். 1834இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷன், சாதியை விட்டால்தான் ஊழியம் என்று 1847இல் கறாராக நின்றது. உபதேசிமார் பலர் வேலையைவிட்டுப் போனார்கள். நொபிலியின் தமிழ்த் தொண்டு பெரிது, மறுக்கவில்லை. ஆனாலும் ஆட்கள் போனாலும் போகட்டும் என்று நின்ற அந்த 1847ஆம் வருஷ முடிவைத்தான் நான் சரி என்பேன்.

மனந்திரும்பினால் மன்னிப்பு உண்டு. அதை முழுமனதோடு விசுவாசிக்கிறேன். ஆனால் எனக்கு மன்னிப்புக் கிடைத்த பிறகும் தம்பியின் பிள்ளைகள் அதே வரிசையில்தான் உட்காருகிறார்கள். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுதால் இது தீராது. நாலுபேர் பார்க்கச் செய்ததை நாலுபேர் பார்க்கத்தான் மாற்ற வேண்டும்.

வருகிற பண்டிகைக்கு உங்கள் சபையிலும் அசனம் இருக்கும். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் இதுவரை உட்காராத வரிசையில் போய் உட்காருங்கள்.