பாலுண்ணிக்குச் சுண்ணாம்பு வைக்கலாமா?

பாலுண்ணிக்குச் சுண்ணாம்பும் சலவை சோடாவும் குழைத்து வைக்கலாமா என்று சென்ற இதழ் கேள்வி பதிலில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். எங்கள் இராமநாதபுரம் கடலோரத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். பதநீர்க் கலயத்தில் தடவவும் வெற்றிலைக்கும் சுண்ணாம்பு வீட்டில் எப்போதும் இருக்கும்.

இதை வைத்தால் மரு விழுவது உண்மைதான். சுண்ணாம்பும் சலவை சோடாவும் ஈரத்தில் சேர்ந்தால் காஸ்டிக் சோடா உண்டாகிறது. சோப்பு தயாரிக்கப் பயன்படும் அதே காரம். மருவை அரிப்பதுபோலவே நல்ல தோலையும் அரித்துவிடும்.

என் அப்பத்தா ஈர்க்குச்சி நுனியால் தொட்டு, மருவின் தலையில் மட்டும் வைப்பார். எரிகிறது என்று சொன்னதும் கழுவிவிடுவார். என் பெரியப்பா மகன், பனை ஏறும் அண்ணன், அதையே கால் விரலில் வைத்துத் துணி கட்டிப் படுத்துவிட்டார். அவருக்குச் சர்க்கரை நோய். கால் மரத்துப் போயிருந்ததால் எரிச்சல் தெரியவில்லை. விடிந்து பார்த்தால் ஆழமான புண். ஆறுவதற்கு நான்கு மாதம் ஆனது. அந்த ஆண்டுப் பதநீர் வருமானம் போயிற்று.

வீட்டில் குழைக்கும்போது காரம் ஒவ்வொரு முறையும் கூடும், குறையும். மருந்துக் கடையில் கிடைக்கும் சாலிசிலிக் அமில மருந்தில் அளவு ஒரே சீராக இருக்கும். மருவை வெதுவெதுப்பான நீரில் 5 நிமிடம் ஊறவைத்து, மேல்தோலை மெதுவாகத் தேய்த்து எடுங்கள். தேய்த்த கல்லை வேறு யாரும் தொடக்கூடாது. மரு வைரஸால் பரவுவது. சுற்றிலும் வாசலின் தடவி, மருவின் மேல் மட்டும் மருந்தை வையுங்கள். தினமும் செய்தால் 12 வாரம் வரை ஆகலாம். புண்ணானால் நிறுத்திவிடுங்கள்.

முகம், பிறப்புறுப்பு, மச்சம் ஆகிய இடங்களில் வைக்கவே கூடாது. சர்க்கரை நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவரிடம்தான் போக வேண்டும். இரத்தம் கசிந்தாலோ, நிறம் மாறி வளர்ந்தாலோ அது மருவாகவே இல்லாமல் இருக்கலாம், உடனே காட்டுங்கள். குழந்தைகளுக்கு வரும் மரு பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் தானாகவே மறையும். என் மகள் விரலில் இருந்த மூன்றும் அப்படித்தான் போயின.

சுண்ணாம்பு டப்பாவைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். கண்ணில் பட்டால் துகளைத் துடைத்தெடுத்து, அரை மணி நேரம் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, உடனே கண் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தாய்ப்பால், எண்ணெய் எதுவும் விடவேண்டாம்.