ஒரே விரிப்பில் மூவர்

கொல்கத்தாவில் நான் நடத்திய நுகர்வோர் வழக்குகளில், ஜூனியர்களுக்கு அடிக்கடி எடுத்துச் சொல்வது டிராம்போலின் வழக்கைத்தான்.

கட்சிக்காரர் லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். மகளுக்குப் பதினைந்து வயது, ஜிம்னாஸ்டிக்ஸ் பழகுகிறவள். பொழுதுபோக்கு டிராம்போலின் கூடம் ஒன்றுக்கு அம்மா டிக்கெட் வாங்கி அழைத்துப் போனார். அவள் குதித்துக்கொண்டிருந்த விரிப்பிலேயே இரண்டு வாலிபர்களும் ஏறினார்கள். பணியாளர் பார்த்துக்கொண்டு நின்றார். கனத்த உடம்பு விழுந்து விரிப்பை அழுத்திய மறுகணம் லேசான உடம்பு அதில் இறங்கினால், அந்த விசையெல்லாம் அதன் மேல்தான் பாயும். எதிர்பாராத உயரத்துக்கு எறியப்பட்டவள் ஓரச் சட்டத்தில் விழுந்தாள். கணுக்கால் எலும்பு முறிந்தது.

கூடத்தாரின் பதில் மனு ஒரு கையெழுத்தை நம்பி இருந்தது. நுழையும்போது டேப்லெட்டில் அந்தப் பெண்ணே போட்டது: 'காயம் பட்டால் நிர்வாகம் பொறுப்பல்ல.' இதற்கான பதில் இதே ஊரில்தான் பிறந்தது. 1895இல் தர்மதாஸ் கோஷ் என்ற மைனர், பிரம்ம தத் என்ற வட்டிக்காரருக்கு 20,000 ரூபாய்க்குச் சொத்தை அடமானம் எழுதிக் கொடுத்தார். மைனரின் ஒப்பந்தம் தொடக்கம் முதலே செல்லாது என்று 1903இல், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. சட்டக் கல்லூரியில் எல்லோரும் நெட்டுருப் போட்ட மோஹரி பீபி வழக்கு இதுதான். பத்திரம் டேப்லெட்டுக்கு மாறினாலும் மைனர் மைனர்தான்.

'நியாயமற்ற ஒப்பந்தம்' என்றே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார் கொடுக்கலாம். ஆனால் அது மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். அந்த அலைச்சல் வேண்டாமென்று, சேவைக் குறைபாடு என்று மாவட்ட ஆணையத்திலேயே தாக்கல் செய்தோம்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கெட்டிக்காரர். "இவள் விளையாட்டு வீராங்கனை, ஆபத்து தெரிந்தேதான் ஏறினாள்" என்று வாதத்தைத் திருப்பினார். 1995இல் முடிந்த இங்கிலாந்தின் ஃபவுல்ஸ் வழக்கையும் காட்டினார். இளைஞர் மையத்தில் குட்டிக்கரணம் அடித்துச் சுவரில் மோதி முடங்கிப்போன ஒருவருக்கு, மையத்தை நடத்திய உள்ளூர் கவுன்சில் பொறுப்பு என்று சொன்ன நீதிமன்றமே, மூன்றில் இரண்டு பங்கு தவற்றை அவர் தலையிலும் வைத்தது. உண்மையிலேயே என்னைத் தூங்கவிடாத வாதம் இதுதான்.

வீராங்கனை என்கிறீர்களா, அந்த விளையாட்டின் விதியையே பார்ப்போம் என்றேன். 2000 சிட்னி முதல் ஜிம்னாஸ்டிக்ஸின் ஒரு பிரிவாக டிராம்போலின் ஒலிம்பிக்கில் இருக்கிறது. விரிப்பு சுமார் 4.28 மீட்டர் நீளம், 2.14 மீட்டர் அகலம். முன்னணி வீரர்கள் எட்டு மீட்டர் உயரம்வரை எழும்பி, பத்து வித்தைகளைத் தொடர்ந்து செய்கிறார்கள். விரிப்பில் ஒருவர் மட்டுமே. இருவர் ஒன்றுபோலக் குதிக்கும் ஜோடிப் போட்டியில்கூட ஆளுக்கொரு டிராம்போலின்! பயிற்சி பெற்றவள் ஏற்றுக்கொண்ட ஆபத்து தான் தவறி விழுவது. அந்நியர் இருவர் தன்னை எறிவது அல்ல.

அம்மா செல்போனில் எடுத்த வீடியோ மீதியைச் சொன்னது. மூன்று பேரும், கைகட்டி நின்ற பணியாளரும் ஒரே சட்டகத்தில் இருந்தார்கள்.

கையெழுத்து செல்லாது, சேவைக் குறைபாடு நிரூபணம், சிறுமி மேல் தவறில்லை என்றது ஆணையம். மருத்துவச் செலவு முழுவதையும், நாங்கள் கேட்டதில் பாதியளவு இழப்பீட்டையும், வழக்குச் செலவையும் கொடுக்க உத்தரவாயிற்று. கூடத்தார் மேல்முறையீடு செய்யாமல் பணத்தைக் கட்டிவிட்டார்கள்.