உப்புக் காற்றும் இரு லொறிகளும்

என் தங்கையின் கணவர் உப்புவெளியிலிருந்து தம்புள்ளைக்கு மீன் ஏற்றிச் செல்பவர். அவருடைய பழைய வண்டி ஓய்ந்துவிட்டது. தங்கையின் காப்புகளை அடகு வைத்து வேறொன்று வாங்குவதென முடிவாயிற்று. "அண்ணா, நீங்கள் படித்தவர், எது நல்லது?" என்று அவள் கேட்டாள்.

2005இல் வெளிவந்த டாட்டா ஏஸ், நம்மவர் 'பட்டா' என்றழைப்பது, இரண்டே சிலிண்டர் கொண்டு தொடங்கியது. முக்கால் தொன் சுமக்கும். டீசலை அளந்தே குடிக்கும். 1959 முதல் வரும் இசுசு எல்ஃபோ அதனினும் பெருஞ்சுமை தாங்கும். பழையதாயினும் விலை இறங்க மறுக்கும். சிக்கனத்தை எண்ணி நான் பட்டாவையே மெச்சினேன்.

மெக்கானிக் ஒருவர் சிரித்தார். "ஐயா, எஞ்சினைப் பிறகு பாருங்கள்" என்று பழைய வண்டியின் அடியில் திருப்புளியால் குத்தினார். அடிச்சட்டம் அப்பளம்போல் உதிர்ந்தது. ஐஸ் உருகி மீன்பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புநீர் செய்த வேலை! உப்பு துருவை விரைவுபடுத்தும் என்று ஆண்டுதோறும் இரசாயன வகுப்பிற் சொல்லும் எனக்கு இது தோன்றவில்லையே!

"மச்சான், எவ்வளவு ஏற்றுவீர்கள்?" என்றேன்.

"கிடைத்தால் ஒரு தொன்."

பட்டாவின் கதை அத்தோடு முடிந்தது. அடிச்சட்டம் பழுதற்ற பழைய எல்ஃப் ஒன்றை வாங்கினோம். வண்டியின் அடிப்பாகத்தைக் கிணற்று நீரால் கழுவிய பின்னரே இரவுச் சாப்பாடு என்பது தங்கையின் சட்டம். காப்புகள் இன்னும் மீளவில்லை.