மட்டி சொல்லும் சாட்சி

டோல்கேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் கடல் கூப்பிடு தூரம். அந்தத் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று யாரைக் கேட்பது? எண்ணூர் முகத்துவாரத்தில் கல்லிலும் தூணிலும் ஒட்டி வளரும் பச்சை மட்டியைக் கேட்கலாம் என்கிறேன் நான்!

நண்பர்களே! லேபில் பாட்டில் தண்ணீரைச் சோதிக்கிறோம். அது அந்த ஒரு நிமிஷத்துத் தண்ணீர். ராத்திரி யாராவது கழிவைத் திறந்துவிட்டு, விடிவதற்குள் அலை அடித்துப் போய்விட்டால்? பாட்டிலுக்குத் தெரியாது. மட்டிக்குத் தெரியும்! அது இடம்விட்டு நகராது. இரைக்காக லிட்டர் கணக்கில் தண்ணீரை வடிகட்டும். ஈயமும் காட்மியமும் எண்ணெய் நஞ்சும் அதன் சதையில் சேரும். மாசக்கணக்கில் எழுதிய ரிஜிஸ்டர் மாதிரி! 1975-ல் எட்வர்ட் கோல்ட்பர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி இந்த யோசனையைச் சொன்னார். 1986 முதல் அமெரிக்கக் கரை நெடுக மட்டிகளை எடுத்து அளக்க ஆரம்பித்தார்கள்.

இங்கே 2017 ஜனவரி 28-ல் கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகம் எண்ணெயால் கறுத்தது. இரண்டு தடவையும் நாம் கேட்டது, "எப்போ வாரி முடிப்பாங்க?" என்றுதான். கையால் தடவி இறால் பிடிக்கும் அக்கா ஒருத்தர் என்னிடம் சொன்னார்: "மீன் செத்தா பேப்பர்ல போடுறாங்க. சாகாம விஷத்தோட இருந்தா யாரு தம்பி பாக்குறது?"

பதில் நம்மிடம் இருக்க வேண்டாமா? ஒரே இடத்து மட்டியை மூன்று மாதத்துக்கு ஒரு தரம் அளக்க வேண்டும். முடிவைத் தமிழில் எழுதி மீன் மார்க்கெட்டில் ஒட்ட வேண்டும். சாப்பிடுவது நம்ம ஜனம்தானே!