களிக்கு அப்புறம்தான் கவுனியாம்!

அம்மாவோட சமையல் குறிப்புகளைத் தமிழ்லயே பேர் வச்சு லினக்ஸ்ல ஒரு ஃபோல்டர்ல சேர்த்துக்கிட்டு வர்றேன். எல்லாத்தையும் ஒட்டிப் புத்தகமாக்க ஒரு குட்டி ஸ்கிரிப்ட். ராத்திரி கிரான் அதை ஓட்டிடும்.

'எல்எஸ்' காட்டுற வரிசை ஃபோல்டர்ல எழுதி வச்சிருக்கிறது இல்லீங்க. லொகேல் சொல்றதுதான். அமெரிக்க ஆங்கில லொகேல்ல பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்து வரும். 'சி' லொகேல்ல பெரிய எழுத்தெல்லாம் முன்னாடி போய் நிக்கும். ஷெல்லுல நட்சத்திரக்குறி போட்டாலும் இதே கதை. கிரானுக்கு நம்ம டெர்மினல் செட்டிங் தெரியாது, பெரும்பாலும் 'சி'லதான் ஓடும்.

இங்கதான் தமிழ்ப் பேருக்கு இடி. 'சி' பாக்கறது யூனிகோட் எண்ணை மட்டும். அந்த எண் வரிசை 1988-ல வந்த இஸ்கி தரத்துலேர்ந்து வந்தது, தேவநாகரிக்குப் போட்ட கட்டம். அதுல ல, ள, ழ, வ! அதனால களி முன்னாடி, கவுனி அரிசி பின்னாடி. புள்ளியோ காலு, கொம்புக்கெல்லாம் அப்புறம். கமர்கட் முடிஞ்சுதான் கம்பு தோசை. அகராதி பார்த்துப் பழகின அம்மா, கம்பைக் காணோம்னு புத்தகத்தை மூடிடுவாங்க.

லாக் ஃபைலுக்கெல்லாம் 'சி'தான் நல்லது, எந்த மெஷின்லயும் ஒரே வரிசை. இதுக்கு மட்டும் 18 மெய்யையும் நம்ம முறையில அடுக்கி, புள்ளியை முன்னாடி தள்ளி, ஒரு பைத்தான் ஃபங்ஷன் எழுதிட்டேன். ஜாங்கிரியை எங்க வைக்கிறதுன்னு அம்மாகிட்டதான் கேக்கணும் :-)